மண் இறுகுவதற்குள்

அக்டோபர் கடைசி வாரம் முடிவதற்குள்
விற்பனைப் பலகைக்கான கம்பங்களை நட்டுவிட வேண்டும்.
டுலூத்தில் அதற்குப் பிறகு மண் இரும்பு.
துளைபோடுகிறவன் மணிக்கு எண்பது டாலர் கேட்பான்,
கையுறையைக் கழற்றாமலே வாங்கிக்கொள்வான்.

இந்த வருடம் பதினோரு கம்பங்கள்.

மூன்று வருடம் முன்பு
கம்பம் ஊன்றும் முன்பே வீடு கைமாறும்.
பெயின்ட் வாசனை போகாமலே
பலகைகள் கொட்டகைக்குத் திரும்பின.
ஒரு வீட்டுக்கு இருபத்தாறு பேர்.
குழாயைத் திறந்துகூடப் பார்க்காமல்
பரிசோதனையே வேண்டாமென்று எழுதிக்கொடுத்தார்கள்.
ஒரு இளம் தம்பதி
தங்கள் நாயின் படத்தை ஒட்டி
விற்பவருக்குக் கடிதம் எழுதினார்கள்.
முழுத்தொகையோடு வந்தவனிடம்
நாய் தோற்றது.

காற்று அடித்தது, தூற்றினோம்.
பதரும் விலைபோனது.
அதை நான் திறமை என்று நம்பி
பதினான்கு முகவர்களின் பெயரைப்
பித்தளையில் பொறித்துச் சுவரில் மாட்டினேன்.

இப்போது ஐந்து.
ஒவ்வொருவர் போகும்போதும்
திருகாணியைக் கழற்றுவது என் வேலை,
கடை என்னுடையது அல்லவா.
ஓட்டைகளை அடைக்கப் பூச்சு வாங்கி
மேசைக்கடியில் வைத்திருக்கிறேன்,
ஜூனிலிருந்து.
எனக்கு நானே தரும் சம்பளத்தை
அதற்கும் முன்பே நிறுத்திவிட்டேன்.

வட்டி மூன்றிலிருந்து ஏழானது.
இடையில் இருப்பது நான்கு என்று
வங்கிக்காரர் சொல்வார்.
நான் பார்த்தது வேறு:
ஒரு படுக்கையறை,
பின்கட்டில் கொஞ்சம் புல்,
காரில் வரும்போது பேசிக்கொண்டே வந்து
திரும்பும்போது பேசாமல்போன
இரண்டாவது குழந்தை.

அரிசோனாவிலிருந்து யாரோ அழைக்கிறார்கள்.
"உங்க ஊர்ல காடு எரியாதாமே? ஏரி வத்தாதாமே?"
ஜனவரியில் ஒருமுறை வந்து பாருங்கள் என்கிறேன்.
சிரிக்கிறார்கள்.
திரும்ப அழைப்பதில்லை.

நேற்று வெண்டெல் அழைத்தான்.
பெயர்ப்பலகையில் மூன்றாவதாக இருந்தவன்,
இப்போது பார்சல் வண்டி ஓட்டுகிறான்.
"ஆர்லிஸ், அந்த மஞ்சள் வீடு ஞாபகமிருக்கா?
நான் வித்த வீடு.
இன்னிக்கு அங்க நாய்த்தீனி இறக்கினேன்.
முப்பது கிலோ.
அழைப்புமணி இன்னும் ரிப்பேர்தான்.
உள்ளே யாரோ பியானோ தப்புத்தப்பா வாசிக்கிறாங்க."
கொஞ்சநேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.
"ஏழு வருஷம் வித்தேன்.
சாவி கொடுத்ததுக்கப்புறம்
ஒரு வீட்டையும் திரும்பிப் பார்த்ததில்ல."
அடுத்த தெரு வந்துவிட்டது,
வைத்துவிட்டான்.

இன்று கடைசிக் கம்பம்.
கிழக்கு ஏழாம் தெரு, எய்னார் லாஹ்டியின் வீடு.
தாதுக்கப்பல்களில் முப்பத்தொரு வருடம் எஞ்சின் பார்த்தவர்.
பக்கத்து வீடு போன விலையை
ஒரு காகிதத்தில் எழுதிச்
சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.
நாலு லட்சத்துப் பத்தாயிரம்.
மூன்று முப்பத்தைந்து கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றேன்.
"அது அந்த வருஷத்து விலை" என்றேன்.
"வீடு அதே வீடுதானே" என்றார்.

உண்மைதான்.
நான்காவது படி அதேபோல் முனகுகிறது.
சமையலறை ஜன்னலில் அதே ஏரி,
நடுவே அசையாததுபோல் அதே நீளக் கப்பல்.
என்னிடம் வரைபடங்கள் இருந்தன,
சிவப்புக்கோடு இறங்கும் ஆறு பக்கங்கள்.
பையைத் திறக்கவில்லை.
அவர் விலையிலேயே பட்டியலிட்டேன்.

ஐந்து பேர் வைத்து நடத்துகிறவள்
இப்படிச் செய்யக்கூடாது என்று
இரண்டு நாற்பது மணி நேரப் பயிற்சி வகுப்புகளில்
நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

கடப்பாரை ஒரு சாண் இறங்கியதும்
கல்லில் மோதியது.
போதும் என்று கம்பத்தைத் தூக்கினேன்.
படியில் நின்றிருந்தவர்
மெதுவாக இறங்கி வந்தார்.
கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கினார்.
கல்லை ஓரத்தில் நெம்பிப் பெயர்த்தார்,
மூச்சு வெள்ளையாக வந்தது.

"இன்னும் கொஞ்சம் ஆழமா" என்றார்,
என்னைப் பார்க்காமல்.
"மே மாசம் வரைக்கும் நிக்கணும் இல்லையா?"