ஏழாம் எண் பை

இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போகுமென்று
டர்பன் மாநகராட்சி முன்பே சொல்லியிருந்தது.
இன்குபேட்டரின் கதவில் கை வைத்து நின்றேன்,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.
முப்பத்தேழு பாகை.
உள்ளே, ஏழாம் எண் பையில்,
ஓர் ஆளின் வெள்ளையணுக்கள்
ஆளை விட்டுப் பிரிந்து ஆறாம் நாள்.

பெயர் எனக்குத் தெரியக் கூடாது. விதி அது.
ஒப்புதல் படிவத்தின் நகலில்
மை பூசி மறைக்க யாரோ மறந்துவிட்டார்கள்.
பூபாலன் படையாச்சி.
தமிழில். சனிக்கிழமைப் பள்ளியில் பழகிய கை.
முதற்பெயர் முடிந்ததும் பேனா சரிந்து
ஒரு விரல் நீளம் கோடாக ஓடி
மூச்சு வாங்கி மேலேறிப்
'படை' என்று தொடங்குகிறது.
அந்தச் சரிவுதான் கட்டி.
இடது முன்மடலில், எலுமிச்சை அளவு.
வெட்டி எடுத்த பதினோராம் வாரம் திரும்பி வந்தது.

தொழில்: துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுநர்.
உள்ளே என்ன என்று கேட்காமல்
எண்ணைப் பார்த்துப் பெட்டி தூக்கியவர்.
நானும் அவரை அப்படித்தான்.

நாலாம் பக்கம் எனக்கு மனப்பாடம்:
இந்தக் கட்டத்தில் நாங்கள் பார்ப்பது
இது உங்களைக் காப்பாற்றுமா என்பதை அல்ல,
எவ்வளவு கொடுத்தால் உங்களைக் கெடுக்காது என்பதை.
அதற்குக் கீழேதான்
அந்தக் கையெழுத்து.

பயிற்சியில் பேராசிரியர் சொன்னார்:
இவை காவலர்கள். புதுக் கண் பொருத்துகிறோம்.
கட்டியின் தோலில் ஒரு முத்திரை உண்டு,
அதைக் கண்டால் கொல்லும்.
தெம்பேகா சிரிக்காமல் கேட்டாள்:
"தெருவில் சீட்டைக் காட்டு என்று நிறுத்துகிற காவலரா?
என் அப்பாவை அப்படித்தான் வண்டியில் ஏற்றினார்கள்."
அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.
காவலர் என்ற சொல்லை அன்றோடு விட்டேன்.
பசி என்கிறேன். பழக்கிய பசி.

இரண்டு மணி.
இருட்டு.
பத்து நொடியில் ஜெனரேட்டர் இரும வேண்டும்.
பத்து.
இருபது.
ஜன்னலுக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள்
தம் சொந்த வெளிச்சத்தில்
முறைக்குக் காத்திருந்தன.
நாற்பது நொடியில் எந்த அணுவும் சாகாது.
எனக்குத் தெரியும்.
கைக்குத் தெரியவில்லை.
கீழே யாரோ எதையோ உதைத்த சத்தம்,
பிறகு வெளிச்சம்,
முப்பத்தாறு புள்ளி ஒன்பது.

பன்னிரண்டாம் நாள் பையைத் தெம்பேகா வார்டுக்குக் கொண்டுபோனாள்.
மண்டைத் தோலுக்கடியில் பதித்த சிறு குமிழ் வழியாக
மூன்று மில்லி லிட்டர். அவ்வளவுதான்,
ஒரு தேக்கரண்டிகூட இல்லை.
அன்றிரவே நடுக்கம், நாற்பது பாகைக் காய்ச்சல்.
'எதிர்பார்த்ததே' என்று எழுதினார்கள்.
அந்த அறையில் உட்கார்ந்திருந்த மனைவி
எதை எதிர்பார்த்தாள் என்று
எந்தக் கட்டத்திலும் இல்லை.

இருபத்தெட்டாம் நாள் படத்தில்
எலுமிச்சை நெல்லிக்காயாகியிருந்தது.
ஒரு மாதமாகப் பேச்சில்லாத மனிதர்
தூக்கத்தில் ஜூலுவில் சொன்னாராம்:
கன்சானே, கன்சானே.
மெல்ல, மெல்ல.
பெட்டியை இறக்கும்போது கீழே நிற்பவருக்குச் சொல்வது.
நாக்கைப் பல்லில் சொடுக்கும் அந்த ஒலி
பிசகாமல் வந்தது என்று தெம்பேகா
எனக்கு இரண்டு முறை சொடுக்கிக் காட்டினாள்.
நான் அன்று மதியம் சாப்பிட மறந்தேன்.

முத்திரையில்லாத அணுக்களும் இருந்தன.
முதலிலிருந்தே இருந்தவை.
மற்றதை நாங்கள் தின்று தீர்த்ததும்
அவற்றுக்கு இடம் கிடைத்தது.
தொண்ணூற்று நாலாம் நாள்.

அட்டவணையில் ஏழாம் வரிசை இப்படி:
கடும் பக்கவிளைவு, இல்லை.
அளவைக் கூட்டலாம்.

எட்டாம் எண் பை வந்திருக்கிறது.
இம்முறை பெயரை நன்றாகவே மறைத்திருக்கிறார்கள்.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.