பதினாலுக்கு ஐந்து

நன்னிலம் வட்டத்தில் பாதிப்பேருக்கு
எல்லைக்கல் காட்டியவள் நான்.
எனக்கென்று வாய்த்தது
மதிலோரம் பதினாலடிக்கு ஐந்தடி.

பழைய புலப்படத் தாளின் பின்பக்கம்
பென்சிலால் கோடு போட்டேன்.
பின்வரிசையில் உயரம், முன்னால் குட்டை.
பூக்கிற ஒன்றுக்குப் பக்கத்தில்
பூவாமல் பச்சையாய் நிற்கிற ஒன்று.
எந்த மாதமும் பாத்தி மொட்டையாய்த் தெரியக் கூடாது.

பைக் திருப்ப இடம் கேட்டார் இருதயராஜ்.
ஒன்றரை அடி விட்டுக்கொடுத்தேன்,
பட்டா மாறுதல் இல்லாமல்.

மண்ணை நான் கணக்கில் எடுக்கவில்லை.
சித்திரையில் கடப்பாரை ணங்கென்றது,
வெடிப்புக்குள் அரையடி ஸ்கேல் முழுசாய் இறங்கியது.
ஐப்பசியானால் அதே இடம் தவளைகளின் அனுபவ பாத்தியதை.
ஒரு முழம் மேடேற்றினேன்:
உமிச் சாம்பல், மட்கிய சாணம்,
மூன்று சாக்கு ஆற்று மணல்.
மணல் எப்படி வந்ததென்று
ஆபீசில் யாரும் கேட்க வேண்டாம்.

கூத்தாநல்லூர் நர்சரியில் ஜபருல்லா
என் படத்தைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தார்.
"செம்பருத்தி ரெண்டு, நந்தியாவட்டை ஒண்ணு,
இட்லிப்பூ மூணு. சரி, பச்சைக்கு?"
குரோட்டன்ஸ் என்றேன்.
"அது மஞ்சளும் செவப்புமால்ல இருக்கும்?"
பேர் சொல்லாமல் ஒரு செடியை எடுத்து வைத்தார்.
"இது சும்மா நிக்கும். மூலையில போடுங்க."

முடிகொண்டான் ஆற்றில் தண்ணீர் வந்த வாரம் நட்டேன்.
செங்கமலத்தின் ஆடு
நந்தியாவட்டையை முகர்ந்துவிட்டு நகர்ந்து
செம்பருத்திகளை ஒழுங்காக, கிழக்கிலிருந்து மேற்காகத் தின்றது.
கார்த்திகையில் இட்லிப்பூ ஒன்று அழுகியது.
படம் பீரோவுக்குள், பாத்தி வெயிலில்.
இரண்டும் ஒத்துப்போகவில்லை.
என் உத்தியோகத்தில் இது புதிதில்லை.

மூன்றாம் வருஷம், மாசிக் கடைசி.
கேட்டைத் திறக்கையில் பலாச்சுளை வாசனை.
எங்கள் தெருவில் பலா கிடையாது.
செங்கமலம் வீட்டுக்கு
பண்ருட்டி உறவு வந்திருக்கும் என்று
உள்ளே போய்விட்டேன்.
மறுநாளும் வாசனை. அதற்கு மறுநாளும்.

செல்போன் வெளிச்சத்தில்
சும்மா நிற்கிற செடியை இலை இலையாய் விலக்கினேன்.
பச்சைக்குள் பச்சையாய், தடித்த ஆறு இதழ்,
மஞ்சளாகலாமா என்று
இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருந்தது.
எத்தனை பூவை இலையென்று தாண்டிப் போயிருக்கிறேனோ.

பீரோவைத் திறந்து படத்தை எடுத்தேன்.
மூலையில், வட்டத்துக்குள், என் கையெழுத்து: 'பூவாதது'.
ரப்பர் அகப்படவில்லை.

வெளியே, பைக்கை அணைக்காமலே
இருதயராஜ் குரல் கொடுக்கிறார்:
"யாரு வீட்ல பலாப்பழம்?"