பாக்கி எண்ணூறு

லிங்கராஜபுரம் நான்காவது குறுக்குத் தெருவில்
மேடை போட இடமில்லை என்று
என் தண்ணி டேங்கர் மேல் ஏறி நின்றுதான் பேசினார்
ருத்ரேஷண்ணா.
வாடகை ஆயிரத்து முந்நூறு.
ஐநூறு கையில் கொடுத்தார்கள்.
மீதி, ஜெயித்த பிறகு.

அன்றைக்குத் தொட்டி காலி.
நிறைந்த தொட்டியின் மேல் நின்றிருந்தால்
சேற்றில் விழுந்த கல்லாகக் குரல் அமுங்கிப் போயிருக்கும்.
காலித் தொட்டி அப்படியில்லை.
காலை உதைத்து உதைத்து அவர் சொன்னதையெல்லாம்
வயிற்றுக்குள் வாங்கி உருட்டி
இரண்டு மடங்காக்கித் தெருவுக்குக் கொடுத்தது.
"நூறே நாள். வீட்டுக்கு வீடு காவேரி.
இந்த டேங்கரை மியூசியத்தில் வைப்போம்!"
கைதட்டினார்கள்.
ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன்.
எந்த டேங்கரைச் சொன்னார் என்பது
ஹொரமாவு போர்வெல்லுக்குத் திரும்பும் வழியில்தான்
உறைத்தது.

ஆனாலும் ஓட்டு அவருக்குத்தான்.
"பைத்தியமா உனக்கு?" என்றாள் என் மனைவி.
சலோமி அக்காவைப் பார்த்திருக்கிறாயா என்றேன்.
பதினோரு வருடமாக ஒரே பக்கம் குடம் சுமந்து
ஒரு தோள் இறங்கிவிட்டது.
ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவள்
தனக்குத் தைக்கும்போது மட்டும்
ஒரு பக்கத்தை அரை அங்குலம் குறைத்து வெட்டுகிறாள்.

ஜெயித்தார்.
அவர் உதைத்த இடத்தில் தகரம் உள்வாங்கி
இரண்டு செருப்பளவுக்குப் பள்ளம்.
மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கிறது,
காக்கை வந்து குடிக்கிறது.
இதுவரைக்கும் நிறைவேறியது
அது ஒன்று.

நாற்பதாம் நாள் தெருவை வெட்டினார்கள்.
ஐம்பத்தைந்தாம் நாள்
ஆள் நுழையும் அகலத்தில் நீலக் குழாய்கள் வந்திறங்கின.
பையன்கள் உள்ளே போய்க் கத்திப் பார்த்தார்கள்.
ஒன்றில் நாய் குட்டி போட்டது.
"குழாய் வந்தாச்சு பார்த்தியா" என்றான் டீக்கடை பிரான்சிஸ்.
"குழாய்தான் வந்திருக்கு" என்றார்
ஐடிஐ ஃபாக்டரியில் ரிடையரான வேதமாணிக்கம்.
ஒரு 'தான்' வித்தியாசம்.
அதை வைத்தே ஒரு மாதம் சண்டை போட்டார்கள்.

வெட்டிய பள்ளத்தைத் தாண்டி என் வண்டி போகாது.
தெருமுனையில் நிறுத்தினேன்.
இருபது எட்டு நடந்தவர்கள்
இப்போது இருநூறு எட்டு, பலகை மேல், குடத்தோடு.
தூரம் கூடிற்று, கிராக்கியும் கூடிற்று.
முதலாளி லோடுக்கு நூறு ஏற்றினார்.
மாற்றம் என்று ருத்ரேஷண்ணா சொன்னது
வேறு எதையாவது இருக்கும்.

ராத்திரி படுத்தால் எனக்குள் இரண்டு பேர்.
ஒருவன் விரல் விட்டு நாள் எண்ணுகிறான்,
இன்னும் பன்னிரண்டு, இன்னும் பதினொன்று, வந்துவிடட்டும் என்று.
இன்னொருவன் டிசம்பரில் கட்டவேண்டிய
மகளின் ஃபீஸை எண்ணுகிறான்.
இரண்டு பேருக்கும் ஒரே தலையணை.

தொண்ணூற்றெட்டாம் நாள் காலை
சலோமி அக்கா வாசலில் புதுக் குழாய்.
முகூர்த்தக் கூட்டம் போல எல்லாரும்.
மஞ்சள் தடவித் திருகினாள்.

புஸ்ஸென்று காற்று.

யாரோ சிரித்தார்கள்.
வேதமாணிக்கம் "சொன்னேனா இல்லையா" என்று தொடங்கினார்.
"தண்ணி வருமுன்னே காத்துதான் வரும், ஐயா" என்றான் பிரான்சிஸ்.
காற்று வந்துகொண்டே இருந்தது.
உள்ளே எங்கோ, ஏதோ, களுக்கென்றது,
அல்லது குழாயில் பூட்டிய வாஷர் ஆடியது.

தெருமுனையிலிருந்து எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை.
ஏழாயிரம் லிட்டரை முதுகில் வைத்துக்கொண்டு
இஞ்சினை அணைத்தேன்.
எண்ணூறு ரூபாய் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா கையைத் திருகின் மேல் வைத்தாள்.
"மூடாதே அக்கா" என்று கத்தினேன்,
"கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்."

இரண்டு பேரில்
எவன் கத்தினான் என்று தெரியவில்லை.