நாற்பது நொடி

டோமேயில் மூடிக்கிடந்த கம்பளி ஆலைக்குள்
ஒரு வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்.
சமையலறை, கூடம், இரண்டு கட்டில்,
தட்டில் பாதி தின்ற ரொட்டி,
பிசின் பூசியது. ஈ கூட ஏமாறும்.
தரைக்கடியில் ஆறு மோட்டார்கள்.
சுவருக்குள் பதினெட்டு ஸ்பீக்கர்கள்.
எல்லாவற்றுக்கும் பின்னால் நான், ஓவிதியோ,
சுவிட்சில் விரல் வைத்தபடி.

செய்தவள் சாந்தியாகோக்காரி, மாக்தா இரிபாரென்.
அந்த விடியாத இரவின் மூன்று முப்பத்து நான்கை
அப்படியே திரும்பக் கொண்டுவருவேன் என்றாள்.
நிஜத்தில் அது மூன்று நிமிடம் போல் நீண்டது.
காப்பீட்டுக்காரர்கள்
நாற்பது நொடிக்குத்தான் கையெழுத்திட்டார்கள்.
இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் தவிர்க்கவும்.
குதி உயர்ந்த செருப்புகள் வெளியே.

ஒரு காட்சிக்குப் பன்னிரண்டு பேர்.
முதலில் நாய் குரைக்கும், நான்காம் ஸ்பீக்கரில்.
பிறகு லாரி வருவது போல ஓர் உறுமல்.
லாரி வராது.
விளக்கு அணையும். நான் அழுத்துவேன்.

வெளியே வந்து சிலர் அழுவார்கள்,
சிலர் படம் எடுத்துக்கொள்வார்கள்.
தெமுக்கோவிலிருந்து வந்த பையன் ஒருவன்
ராட்டினத்தில் கேட்பது போலக் கேட்டான்:
இன்னொரு சுற்று உண்டா?

ஃப்ரெசியா வென்சுவால் வியாழன்தோறும் வருவாள்,
ரொட்டிக்கடை வேலை முடிந்து, புருவத்தில் மாவோடு.
முதல் வாரம் சொன்னாள்: வாசனை தப்பு.
அன்றைக்கு வீடெல்லாம் வினிகர் நெடி,
அலமாரி சரிந்து வெங்காய ஜாடிகள் உடைந்து.
அந்த இருட்டில்
நான் உயிரோடிருக்கிறேன் என்று
முதலில் சொன்னது என் மூக்குதான்.
மாக்தாவுக்கு எழுதினேன்.
வாரத்துக்கு இரண்டு பாட்டில் வினிகர், ஒப்புதல் வந்தது.

அடுத்த வாரம்: விளக்கு தப்பு.
கதவிலிருந்து சன்னலுக்கு ஆடுகிறது.
கடலிலிருந்து மலைக்கு ஆட வேண்டும்.
மோட்டாரைத் திருப்ப முடியாதே என்றேன்.
தோளைக் குலுக்கிவிட்டு
மறுபடி ஒரு டிக்கெட் வாங்கினாள்.

எல்லாமே தப்பென்றால் எதற்கு வருகிறாய்?
சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னாள்:
இருட்டில் யாரோ என் கையைப் பிடிக்கிறார்கள்.
ஒரு வாரம் சொரசொரத்த கை,
ஒரு வாரம் மோதிரக் கை, வியர்த்த கை.
வெளிச்சம் வந்ததும் பார்த்தால்
அவரவர் கை அவரவர் பையில்.

அந்த இரவு மலைக்கு ஓடும்போது
எதிர்வீட்டு ஹெர்மினியா,
வேலித் தகராறில் பதினோரு வருடம் பேச்சில்லை,
தன் இடது செருப்பைக் கழற்றி
என் காலில் மாட்டினாள்.
ஆளுக்கொரு செருப்போடு ஏறினோம்.

பிறகு?

பிறகென்ன, வேலியை மறுபடி கட்டினோம்.

போன வியாழன், ஐந்தாம் காட்சி முடிந்து
விளக்கைப் போட்டுவிட்டேன்.
உள்ளே பன்னிரண்டு பேரும் இன்னும் கலையவில்லை.
காபிக்குக் கை நீட்டினேன்.
காபி என்னைப் பார்த்து வந்தது.

மோட்டார்களின் முள் பூஜ்யத்தில் இருந்தது.
வீடு அசைந்தது.
ஆலை அசைந்தது, அதன் பழைய இரும்பெல்லாம்
ஒரே சமயத்தில் தொண்டையைச் செருமியது.
உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள்.
போனஸ் என்று யாரோ கத்த
கைதட்டல் கிளம்பியது.
திரையில் பார்த்தேன்.
ஃப்ரெசியா மட்டும் தட்டவில்லை.
அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள்,
பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த ஒருவனின் கையை
நடுவில் பிடித்து நிறுத்தினாள்.
அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.
சிரிப்பு அங்கிருந்துதான் நிற்கத் தொடங்கியது.

ஒன்பது நொடி. எதுவும் விழவில்லை.
பிசின் ரொட்டி கூட.

போகும்போது கண்ணாடிச் சன்னலில் தட்டினாள்.
இன்றைக்கு விளக்கு சரியாக ஆடியது என்றாள்.

இரவு பதிவேட்டில் எழுதினேன்:
காட்சிகள் ஐந்து. ஆட்டங்கள் ஆறு.
வினிகர் தீர்ந்துவிட்டது.