சாட்சி நேரம்

லிங்கராஜபுரம் பாலத்துக்கு இந்தப் பக்கம்
எங்கள் சபையின் கூரையைப் பிரித்தோம்.
கான்ட்ராக்டர் கேட்டது ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
பொன்னையா மூப்பர் சிரித்தார்:
நமக்குக் கை எதுக்கு இருக்கு?
எல்லோரும் கையைத் தூக்கினோம்,
நானும்.

நோட்டு என் பொறுப்பு.
நாற்பது பக்கம், கோடு போட்டது.
பெயர், வந்த நேரம், போன நேரம், கையொப்பம்.
மேலே ஊழியம் என்று எழுதி
சிவப்பு மையில் அடிக்கோடு இழுத்தேன்.

வாரத்தில் ஆறு நாள் பீன்யா கம்பெனி ஸ்டோரில்
ஹெல்மெட் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறவள் நான்.
பெல்ட் இல்லாதவன் ஏணியில் கால் வைத்தால்
விசில் ஊதுவேன்.
ஞாயிற்றுக்கிழமை
விசில் கைப்பைக்குள்ளேயே கிடந்தது.

பரிசுத்த ஸ்தலம் என்று செருப்பை வாசலில் விட்டு
வெறுங்காலோடு சாரம் ஏறினார்கள்.
பாதிக் கட்டு கயிறு. மீதி,
கனகமணி அக்காவின் பழைய நைலக்ஸ் சேலை.
மின்கம்பி இரண்டு சாண் தள்ளி.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச்
சுத்தியலால் அடித்து அடித்து இறக்க,
முதன்முதலாக உள்ளே வெயில் விழுந்தது.
அதில் வெள்ளைத் தூள் மிதந்தது.
மகிமை, மகிமை என்று
சண்டே கிளாஸ் பிள்ளைகள் குதித்துக் குதித்துப் பிடித்தார்கள்,
வாயைத் திறந்தபடி.
அந்தத் தூள் என்னவென்று எனக்குத் தெரியும்.
எங்கள் கம்பெனிச் சுவரில் அதற்குத் தனி போர்டே உண்டு,
மண்டையோடு வரைந்து.
முக்காட்டை இழுத்து மூக்கில் கட்டிக்கொண்டேன்,
என்னுடையதை மட்டும்.

வரிசை எண் பதினாலு: அதிசயம்.
ஆட்டோ ஓட்டுகிறவர்.
வந்த நேரம் 8.40.
போன நேரம் இன்னும் காலி.

மூன்றாம் தட்டிலிருந்து விழும்போது
அவர் கத்தவில்லை.
கையிலிருந்த போல்ட் டப்பாதான் சத்தம் போட்டது.
உருண்டவை எல்லாம் நிற்க
வெகுநேரம் ஆனது.

பௌரிங் ஆஸ்பத்திரியில்
முழங்காலுக்குக் கீழே ஊசியால் குத்திக் குத்தி
கொத்தாகுத்தா, கொத்தாகுத்தா என்றார்கள்.
இல்லை என்றார் தமிழில்.
பிழைத்ததே அதிசயம் என்றார் பாஸ்டர்.
சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

பணம் கிணம் ஏதாவது வருமாக்கா?
அதிசயத்தின் மனைவி புளோரா கேட்டாள்.
அவர் செய்தது ஊழியம்.
ஆனால் அவர் ஊழியர் இல்லை.
கடைசி எழுத்து ஒன்றுதான்,
அது இருந்திருந்தால் ஈஎஸ்ஐ கார்டு இருந்திருக்கும்.
இதை அவளிடம் எப்படிச் சொல்ல?
டீ குடிக்கிறியா என்று கேட்டேன்.

செவ்வாய் இரவு மூப்பர் வீட்டுக்கே வந்தார்.
உட்காரவில்லை.
ஜெபிக்க வந்தார், தலைசுற்றி விழுந்தார்,
அவ்வளவுதானம்மா.
அந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சிரு.

நடுவில் பின் அடித்த நோட்டு, மூப்பரே.
ஒரு தாளை இழுத்தால்
அதன் ஜோடித் தாளும் கையோடு வந்துவிடும்.
அந்தத் தாளில் பிள்ளைகளின் பெயர்கள்.
இதை அவரிடம் நான் சொல்லவில்லை.
பார்க்கிறேன் என்றேன்.

இன்று கூரையில்லாத சபையில்
நீலத் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொள்கிறது.
அறிவிப்பு: வர்ணம் பூச ஆட்கள் வேண்டும்,
மதியம் இரண்டு மணி, சாப்பாடு உண்டு.
பிறகு வழக்கம்போல,
சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம்.

ஒருவர் மகனுக்கு விசா கிடைத்ததைச் சொன்னார்.
ஒருவர் சர்க்கரை குறைந்ததை.
மைக் கை மாறிக் கை மாறி
என் வரிசைக்கு வந்தது.

சாக்ஷி யாரு?
ஸ்டேஷனிலும் இதையேதான் கேட்டார்கள்.
அன்று நாங்கள் எல்லோரும்
அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கைப்பையைத் திறந்தேன்.
விசில் நழுவித் தரையில் விழுந்தது.
குனியவில்லை.
நோட்டை எடுத்து
முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்:

ஒன்று. பொன்னையா மூப்பர்.
வந்த நேரம் ஏழு பத்து.
போன நேரம் ஏழரை.

இரண்டு. பியூலா.