குறிப்பிட ஒன்றுமில்லை

மூன்றாம் அலகை நிறுத்தியவள் நான்தான்.
சினிமாவில் வருவதுபோல் சிவப்புப் பொத்தான் கிடையாது.
சுமையை இறக்கிக்கொண்டே வரவேண்டும்,
நூற்றைம்பது, தொண்ணூறு, முப்பது மெகாவாட் என்று,
உறங்கிவிட்ட பிள்ளையின் பிடியிலிருந்து
சேலை நுனியை உருவுவதுபோல.
அதிகாலை இரண்டு பதினேழு.
மோர்வெல்லில் ஒரு பல்புகூடக் கண் சிமிட்டவில்லை.
அதுதான் தாங்கவில்லை கமிலேரிக்கு.
"முப்பத்தெட்டு வருஷம்.
ஒரு சிமிட்டலுக்குக்கூடவா
தேவைப்படாமல் போனோம்?"

கவனித்தவை மீன்கள்.
கொதிகலன் கக்கிய வெந்நீர்க் குளத்தில்
யாரோ எப்போதோ கொட்டிவிட்டுப் போன தொட்டிமீன்கள்
பேரன் பேத்தி எடுத்திருந்தன.
அந்த ஜூலையில் குளம் முதன்முறையாகக் குளிர்ந்தது.
நீலமும் ஆரஞ்சுமாகக் கரையொதுங்கின.

கதவைப் பூட்டிய பிறகும் எனக்குப் பதினோரு மாதம் சம்பளம்.
பதிவேடுகளைப் பிரிக்கவேண்டும்:
வைத்துக்கொள்வது இந்தப் பக்கம்,
அரைத்துக் கூழாக்குவது அந்தப் பக்கம்.
அறுபத்து நான்கில் தொடங்குகின்றன.
மாட்டுப்பண்ணையை வாங்கி அடித்தளம் தோண்டியபோது
கன்று ஈன இருந்த பசு நகர மறுத்ததால்
அரைநாள் வேலை நின்றதாம்.
டெர்ப்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர்
ஒவ்வொரு ஏழுக்கும் இடுப்பில் கச்சை கட்டுகிறார்.
எழுபத்தொன்றில் ஒரு போஸம் மின்மாற்றிக்குள் நுழைந்து
பள்ளத்தாக்கையே இருட்டாக்கியிருக்கிறது.
செத்த அதை நிறுத்தும் பார்த்திருக்கிறார்கள்:
ஒரு கிலோ எண்ணூறு கிராம்.

கரியைப் பற்றித்தான் அதிகம்.
நெய்வேலியில் வேலை பழகியவள் நான்,
இந்தப் பழுப்புக் கரியின் குணம் தெரியும்.
பாதிக்கு மேல் தண்ணீர்.
தண்ணீரைத்தான் எரித்தோம் இத்தனை காலம்,
அதற்கு ஆறு புகைபோக்கிகள் வேறு.

ஷிஃப்டு முடிகையில் எல்லாக் கையெழுத்தும்
ஒரே வரியில் வந்து படுத்துக்கொள்ளும்:
குறிப்பிட ஒன்றுமில்லை.

நொரீன் பாஸ்கோ தபால் நிலைய வாசலில் என்னை மறித்தார்.
தோளில் பிராணவாயு சிலிண்டர்,
பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார் அதற்கு.
ஆலைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.
வெள்ளிக்கிழமைதோறும் கொல்லைப்புறத்தில்
லென்னின் வேலை உடுப்பை உதறித் துவைத்தார்,
அவ்வளவுதான்.
"வெள்ளையாகப் பறக்கும். வெயிலில் மினுங்கும்.
பிள்ளைகள் கைதட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள்."
வக்கீலுக்குத் தேதி வேண்டுமாம்.
எந்தெந்த நாள் லென்
ஆஸ்பெஸ்டாஸ் உறை பிரித்தான் என்று.
லென்னுக்கா? லென்னுக்கு ஒன்றுமில்லை.
சனிக்கிழமை பந்துருட்டப் போகிறார்.

மூன்று வாரம் தேடினேன்.
கூழாக வேண்டிய பக்கத்தில் இருந்தது.

*14 மார்ச் 1973, புதன். கொதிகலன் நான்கு.
உறை உரித்துப் புதிது சுற்றியாயிற்று.
பாஸ்கோ, மேலும் இருவர்.
தூசி காரணமாக விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன.
குறிப்பிட ஒன்றுமில்லை.*

போஸத்தின் எடை தெரியும் எங்களுக்கு.

அந்தப் பதிவேடு எந்தப் பக்கமும் போகவில்லை.
என் சாப்பாட்டுப் பைக்குள் போனது,
தயிர் டப்பாவுக்கு அடியில்.
காவலுக்கு நின்ற பையன் பையைத் திறந்தான்,
மூக்கைச் சுளித்தான்,
மூடினான்.

புகைபோக்கிகளை விழுத்தாட்டிய நாளில்
மேட்டில் ஊரே கூடியிருந்தது.
சாஸேஜ் பொரித்தார்கள்.
கமிலேரி வரவில்லை,
அன்று பார்த்துப் பல்வலி என்றார்.
நொரீன் என் காருக்குள்ளேயே இருந்தார்,
மடியில் ஜெராக்ஸ் தாள்.
ஒன்று முழங்காலில் மடிந்தது,
அடுத்தது அதைப் பார்த்து.
எந்தச் சத்தமும் இல்லை முதலில்.
ஆறும் படுத்த பிறகுதான்
மார்பில் வந்து இடித்தது.
வெளியே கைதட்டினார்கள்.
எல்லாம் சுத்தம் செய்துவிட்டோம் என்று
நிறுவனம் கடிதம் போட்டிருந்தது வீடு வீடாக.

நொரீன் நிமிரவில்லை.
"இந்த ஏழுக்கு ஏன் குறுக்கே கோடு?" என்று கேட்டார்.
சொல்ல வாயெடுத்தேன்.
தார்ச்சாலையைத் தாண்டி, அவசரமே இல்லாமல்,
வீடு தெரிந்த ஆள்போல வந்துகொண்டிருந்தது
ஒரு வெளிர்நிறம்.

"கண்ணாடியை ஏற்று" என்றார்.
ஏற்றினேன்.
அவர் பக்கம் பாதியில் சிக்கி நின்றது.