பார்த்தவை: பூஜ்யம்

நான் பறவை பார்க்க வந்தவனில்லை.
குரெஸ்ஸாரேயிலிருந்து பத்தொன்பது பேரை ஏற்றிவந்து
ஹெல்டூரின் மாட்டுக்கொட்டகை அருகே இறக்கிவிட்டு
நள்ளிரவில் திரும்ப ஏற்ற வேண்டும்.
அவ்வளவுதான் எனக்குச் சொன்ன வேலை.
"பஸ்ஸுக்குள் உட்கார்ந்து கொசுவுக்குப் பரிமாறுவதற்கு
எங்களோடு நடக்கலாமே" என்றாள் வழிகாட்டி ஊர்வே.
என் காலில் கல்யாணத்துக்கு வாங்கிய தோல் ஷூ.
நடந்தேன்.

ஜூலை முதல் வாரம், இரவு பத்தரை.
எங்கள் தீவில் அந்நேரம்கூட வெளிச்சம்
விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று பேசும் விருந்தாளி.
புல் இடுப்பளவு. அறுத்திருக்க வேண்டிய நாள் தாண்டி
மூன்று வாரம்.
"மாடு இனி இதைத் தின்னாது, குச்சி" என்றார் ஹெல்டூர்.
எங்களிடம் அல்ல, வேலிக்கம்பியிடம்.

எங்கோ ஓர் உள்ளான் மேலேறி
வால் இறகால் காற்றைக் கிழித்து இறங்கியது.
பிறகு, பத்தடிக்குள்,
சீப்பின் பற்களை நகத்தால் இழுத்தாற்போல்
கர்ர்-கர்ர்
கர்ர்-கர்ர்
நிறுத்தமே இல்லை. ஒரு மணி நேரம்.
பத்தொன்பது கழுத்துகள் நீண்டன.
ஒரு புல் நுனிகூட அசையவில்லை.
ஆப்பிரிக்காவிலிருந்து பறந்துவருமாம் இது,
இங்கே வந்து நடந்தே திரியுமாம்.

முழங்கை நீள லென்ஸ் வைத்திருந்த ப்ரீட்
சீப்பு இருக்கிறதா என்று கேட்டார்.
"இருக்கிறது. உரசினால் வருவான்,
வேறொரு ஆண் வந்துவிட்டதாக நினைத்து, சண்டைக்கு.
இந்த மாதம் அவனுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்."
ஊர்வேயின் கை சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.

அப்போதுதான் ஹெல்டூர் பேசினார்:
"முன்பெல்லாம் ஓரத்திலிருந்து உள்ளே அறுத்துப் போவேன்.
கடைசியில் நடுவே ஒரு பாய் அகலம் மிஞ்சும்.
எல்லாம் அதற்குள் ஓடி ஒளிந்திருக்கும்.
ஒரு வருஷம் அந்தப் பாய் அசைந்ததைப் பார்த்தேன்.
மழை வரப்போகிறது.
டிராக்டரை நிறுத்தவில்லை."
யாரும் எதுவும் கேட்கவில்லை.
"இப்போது நடுவிலிருந்து வெளியே அறுக்கிறேன்.
டீசல்தான் கூட."

கர்ர்-கர்ர்.

ஷூவுக்குள் தண்ணீர். நான் முன்னதாகத் திரும்பி
இருக்கையில் சாய்ந்து சாவியைத் தொட்டபோது
சரளைப் பாதையில், முன்சக்கரத்துக்கு நாலடி தள்ளி,
ஒரு பழுப்புக் கழுத்து எட்டிப் பார்த்தது.
சத்தம் போடாதவள்.
பின்னாலேயே கரித்துண்டுகள்.
ஏழோ எட்டோ, உருண்டன, ஒன்று விழுந்தது,
எழுந்தது,
அந்தப் பக்கப் புல் எல்லாரையும் மூடிக்கொண்டது.

கொட்டகைத் திருப்பத்தில் பேச்சுக் குரல்கள்.
ஏறினார்கள். உட்கார்ந்தார்கள்.
கைகள் என் மடியில் கிடந்தன.
"ஏன் கிளம்பவில்லை?"
"எஞ்சின் சூடாகணும்."
"ஜூலையிலா? அதுவும் ஸ்டார்ட் பண்ணாமலேயா?" என்றார் ப்ரீட்.

ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் தெரியாது.
சொல்லியிருந்தால் பத்தொன்பது பேரும் இறங்கியிருப்பார்கள்,
அது ஒரு காரணம். அது மட்டுமில்லை.

முன் இருக்கையில் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
ஊர்வே எழுதினாள்:
கேட்டவை: ஆண், நான்கு.
பார்த்தவை: பூஜ்யம்.
வயல் முடியும்வரை இரண்டாம் கியரிலேயே ஓட்டினேன்.
அவள் வேகமுள்ளைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
பிறகு, எழுதியதை அடிக்காமல்,
பேனாவை மூடினாள்.